பழைய சமையலறையை நானே முன்னின்று மாற்ற முடியுமா?

கேள்வி: திருச்சியில் 1992-இல் கட்டிய சொந்த வீடு எங்களுடையது. சமையலறை 10-க்கு 8 அடி. கடப்பா கல் மேடை, மொசைக் தரை, மேலே கான்கிரீட் பரண், சிங்க்குக்கு அடியில் எப்போதும் ஈரம். மாடுலர் கிச்சன் கம்பெனி ஒன்றில் 5 லட்சத்து 80 ஆயிரம் என்று கொட்டேஷன் கொடுத்தார்கள். என்னிடம் 4 லட்சம்தான் இருக்கிறது. கணவருக்கு ஓசூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். நான் பள்ளி ஆசிரியை. மே மாத விடுமுறையில் நானே ஆட்களை வைத்து வேலையை முடித்துவிடலாமா? ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டு ஓபன் கிச்சன் ஆக்கவும் ஆசை. மாமியாருக்கு 74 வயது, அவரும் சமைப்பார், அடுப்பு கிழக்கு பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்கிறார். எங்கே ஆரம்பிப்பது, பிளைவுட்டா பிவிசியா, எதற்கு எவ்வளவு ஒதுக்குவது?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆட்களை விரட்டுவதும் சாமான் வாங்குவதும்தான் பெரிய வேலை என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் பணம் கரைவது அங்கே இல்லை. மேடை கட்டின பிறகு சிங்க்கை ஒரு அடி தள்ளி வைக்கலாமா என்று யோசிப்பதும், டைல்ஸ் ஒட்டின பிறகு இன்னொரு பிளக் பாயின்ட் கேட்பதும், சிம்னி வாங்கி வந்த அன்று அதன் குழாய் வெளியே போக வழியில்லை என்று கண்டுபிடிப்பதும்தான் 4 லட்சத்தை 5 லட்சமாக்கும். அதனால் முதல் சுத்தியல் அடி விழுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுங்கள். இன்னொன்று, சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் மறையப்போகிற வேலைக்குத்தான் உங்கள் முதல் ரூபாய் போக வேண்டும். கதவின் நிறத்தை 5 வருடம் கழித்துக்கூட மாற்றிக்கொள்ளலாம், டைல்ஸுக்குப் பின்னால் கசியும் பைப்பை அப்படி மாற்ற முடியாது.

அந்த 5.80 லட்சம் கொட்டேஷனை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மாடுலர் கொட்டேஷன் பலவற்றில் மரவேலை மட்டும்தான் இருக்கும். பழையதை உடைப்பது, பிளம்பிங், ஒயரிங், கிரானைட், டைல்ஸ், சிம்னி, சிங்க் இதெல்லாம் சேர்ந்ததா சேராததா என்று எழுத்தில் கேளுங்கள். சேராதது என்றால் அவர்கள் வழியில் போனால் 5.80 கூடப் போதாது, நீங்களே எடுத்துச் செய்வதற்கு அதுவே பெரிய காரணம்.

சுவர் விஷயத்தில் மட்டும் கறாராகச் சொல்கிறேன், ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேரில் வந்து பார்க்காமல் அந்தச் சுவரில் கை வைக்க விடாதீர்கள். 1992 வாக்கில் கட்டிய தனி வீடுகளில் நிறைய, தூண் இல்லாமல் 9 அங்குலச் செங்கல் சுவர் மேலேயே தளம் போட்டவை. அந்தச் சுவர்தான் மேலே இருக்கும் கூரையைத் தாங்குகிறது. நாலரை அங்குலச் சுவர் என்றால் பெரும்பாலும் வெறும் தடுப்புதான், ஆனாலும் கேட்டுக்கொள்வது நல்லது. ‘நான் எத்தனையோ வீட்டில் எடுத்திருக்கிறேன் மேடம்’ என்று கொத்தனார் சொல்வதை இதற்கு மட்டும் ஏற்காதீர்கள். உண்மையில் தினமும் தாளிப்பும் வாரம் இரண்டு நாள் மீனும் நடக்கிற வீட்டுக்கு ஓபன் கிச்சனை நான் பரிந்துரைப்பதே இல்லை, எண்ணெய்ப் புகை ஹாலில் இருக்கிற சோபா, திரைச்சீலை, ஃபேன் எல்லாவற்றிலும் படியும். வெளிச்சமும் பேச்சுத்துணையும்தான் வேண்டும் என்றால், இன்ஜினியர் சம்மதித்தால், மேலே லிண்டல் (திறப்புக்கு மேல் பாரம் தாங்கும் கான்கிரீட் உத்திரம்) போட்டு 4 அடி அகலத்துக்கு ஒரு பரிமாறும் ஜன்னல் திறந்துகொள்ளுங்கள். சுவரும் பிழைக்கும், உங்கள் ஆசையில் முக்கால்வாசியும் நிறைவேறும்.

இப்போது பேப்பர் வேலை. ஒரு வாரம் சமைக்கும்போது எதற்காகத் திரும்புகிறீர்கள், எதற்காகக் குனிகிறீர்கள், எந்தப் பாத்திரத்தை எங்கே வைக்க இடமில்லாமல் தவிக்கிறீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், மாமியாரையும் தனியாகச் சொல்லச் சொல்லி எழுதுங்கள். இணையத்தில் பார்க்கிற எந்தப் படமும் அந்த நோட்டுக்கு ஈடாகாது. பிறகு மேடை உயரம். நின்றபடி முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 4 முதல் 6 அங்குலம் கழியுங்கள். நம் பெண்களுக்குப் பெரும்பாலும் 32-லிருந்து 34 அங்குலத்துக்குள் வரும். உங்களுக்கும் மாமியாருக்கும் உயர வித்தியாசம் அதிகம் என்றால் அடுப்பு இருக்கும் பக்கத்தை இருவரில் குட்டையானவருக்கு வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அடுப்பும் பாத்திரமும் சேர்ந்து உயரத்தைக் கூட்டிவிடும். இந்த அளவைப் புதுத் தரையின் மட்டத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பழைய தரை மேலேயே டைல்ஸ் ஒட்டினால் தரை அரை அங்குலத்துக்கு மேல் ஏறும், மேடை அந்த அளவுக்குக் குட்டையாகும், கதவின் அடியைச் சீவ வேண்டியிருக்கும், ஹாலிலிருந்து நுழையும் இடத்தில் 74 வயதுக்காரர் தடுக்கிக்கொள்ள ஒரு விளிம்பும் உருவாகும். மொசைக் உடையாமல் இருக்கிறதா? அப்படியானால் அதை உடைக்காமல் பாலிஷ் போடுங்கள். அந்தக் கால மொசைக் உறுதியானது, பெரிய தொகையும் மிச்சம், ரப்பிஷும் பாதி.

கிழக்கு பார்த்துச் சமைப்பது 10-க்கு 8 அறையில் பெரிய சிக்கல் இல்லை. கிழக்குச் சுவரை ஒட்டி அடுப்பு மேடை, அதிலிருந்து ‘எல்’ வடிவில் திரும்பி ஜன்னலுக்குக் கீழே சிங்க், இரண்டுக்கும் நடுவில் காய் நறுக்கக் குறைந்தது 2 அடி காலி இடம். அந்தச் சுவரிலேயே கதவோ ஜன்னலோ இருந்து இது நடக்காது என்றால், மாமியாரை உட்கார வைத்துத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டிப் பேசுங்கள், வேலை பாதியில் இருக்கும்போது இந்தப் பேச்சு வரக்கூடாது. அடுப்பை ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள், காற்றுக்குச் சுடர் அலைபாயும், அணையவும் அணையும். ஆனால் வாஸ்துவுக்காகச் சமையலறையையே வேறு அறைக்கு மாற்றலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம், கழிவுநீர் லைனை வீட்டைச் சுற்றி இழுக்கிற செலவுக்கு உங்கள் பட்ஜெட்டில் இடமில்லை.

சிங்க்குக்கு அடியில் ஈரம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள், எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். அது நல்ல தண்ணீர் பைப்பிலிருந்து வருகிறதா, கழிவுநீர் பைப்பிலிருந்து வருகிறதா என்று முதலில் தெரிய வேண்டும். ஒரு இரவு சமையலறைக்குப் போகும் வால்வை மூடிவிட்டுப் பாருங்கள். சில நாள் இரவில் இப்படி மூடிப் பார்த்த பிறகு, சிங்க் உபயோகிக்கும் நேரத்தில் மட்டும் ஈரம் கூடுகிறது என்றால் கழிவு பைப் இணைப்பிலோ சிங்க் விளிம்பிலோ கோளாறு, வால்வைத் திறந்தாலே கூடினால் சுவருக்குள் இருக்கும் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் துருப்பிடித்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் இந்தச் சந்தர்ப்பத்தில் சமையலறைக்குள் இருக்கும் பைப் முழுவதையும் மாற்றிவிடுங்கள், ஓட்டை இருக்கிற துண்டை மட்டும் மாற்றுகிற வேலை வேண்டாம். தண்ணீருக்கு சிபிவிசி, கழிவுக்கு நல்ல கனமுள்ள பிவிசி. கழிவு பைப் ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டராவது சரிய வேண்டும், 90 டிகிரி வளைவுக்குப் பதிலாக முடிந்த இடத்தில் இரண்டு 45 டிகிரி வளைவு போடச் சொல்லுங்கள், அடைத்தால் குத்தி எடுக்க மூடியுள்ள ஒரு வாய் கைக்கு எட்டுகிற இடத்தில் வேண்டும். போர் தண்ணீரும் காவிரித் தண்ணீரும் தனித்தனி லைனாக வருகிற வீடு என்றால் இரண்டையும் சிங்க்குக்குக் கொண்டுவாருங்கள். வாட்டர் ப்யூரிஃபையருக்கு ஒரு இணைப்பும், அதிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் பின்பக்கம் வாளிக்கோ தோட்டத்துக்கோ கொண்டுபோக ஒரு சிறு குழாயும் இப்போதே விட்டுவைத்தால், பிற்பாடு டைல்ஸில் ஓட்டை போட வேண்டியதில்லை.

பைப் போட்டவுடன் பூசிவிடத் துடிப்பார்கள். விடாதீர்கள். எல்லா முனைகளையும் அடைத்து, கைப் பம்ப் வைத்து பிரஷர் ஏற்றி, ஒரு இரவு முழுக்க விட்டு, காலையில் மீட்டர் முள் அதே இடத்தில் நிற்கிறதா என்று நீங்களே பார்த்த பிறகுதான் பூச்சு. பம்ப் இல்லாத பிளம்பர் என்றால் வாடகைக்கு எடுத்துவரச் சொல்லுங்கள். கழிவு பைப்புக்குத் தனியாக, இரண்டு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றி வெளியே சேம்பரில் தடையில்லாமல் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் பூசுவதற்கு முன்னால், டேப்பைச் சுவரில் பிடித்தபடி, பைப்பும் ஒயரும் ஓடுகிற ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து உங்களுக்கும் கணவருக்கும் அனுப்பி வையுங்கள். பின்னால் ஒரு ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உதவும்.

மின்சாரம். சமையலறையில் இப்போது இருக்கிற, இன்னும் 5 வருடத்தில் வரப்போகிற எல்லாச் சாதனங்களையும் எழுதுங்கள்: ஃப்ரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர், இண்டக்ஷன், மைக்ரோவேவ், ப்யூரிஃபையர், சிம்னி, கெட்டில். ஃப்ரிட்ஜ், இண்டக்ஷன், மைக்ரோவேவ், கெட்டில் இவற்றுக்கு 16 ஆம்ப் பாயின்ட், அதற்கு டிபி பாக்ஸிலிருந்தே (வீட்டு மின்சாரம் பிரியும் பெட்டி) தனி லைனாக 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர். பழைய லைனிலிருந்து ‘லூப்’ அடித்து, அதாவது கிளை இழுத்துக் கொடுக்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் வீட்டு எர்த் வேலை செய்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள், 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் போட்டுவிடுங்கள். ஈரக் கையோடு சுவிட்ச் தொடுகிற அறை இது. பாயின்ட்கள் மேடைக்கு மேலே 8, 10 அங்குலத்தில் இருக்கட்டும், அடுப்புக்குப் பின்னாலும் சிங்க்குக்கு நேர் மேலேயும் கூடாது. கிரைண்டரைத் தூக்கி இறக்காமல் நிரந்தரமாக வைக்க ஒரு மூலையை அதன் பாயின்டோடு ஒதுக்குங்கள்.

சிம்னி வாங்கும் முன் அந்தக் கான்கிரீட் பரணைப் பாருங்கள். அடுப்புக்கு நேர் மேலே பரண் இருந்தால் குழாய் மேலே போக முடியாது, பரணையும் இஷ்டத்துக்கு வெட்டக் கூடாது. பரணுக்குக் கீழேயே நேராக வெளிச்சுவரில் 6 அங்குல ஓட்டை போட்டு வெளியேற்ற வேண்டும், வளைவு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நன்றாக இழுக்கும். அந்த ஓட்டையை டைல்ஸுக்கு முன்னாலேயே கோர் கட்டிங் (மெஷினால் வட்டமாகத் துளைப்பது) செய்துவிடுங்கள். அடுப்பின் மேற்பரப்புக்கும் சிம்னிக்கும் நடுவே 26 முதல் 30 அங்குலம் என்பது பொதுவான அளவு, வாங்கும் மாடலின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதையே கொத்தனாருக்குக் கொடுங்கள். பட்ஜெட் இடித்தால் சிம்னியை அடுத்த வருடத்துக்குத் தள்ளி, ஓட்டையும் பாயின்டும் மட்டும் இப்போது விட்டு, அதுவரை நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக்கொள்ளலாம்.

கேஸ் சிலிண்டரைக் காற்றுப் புகாத அலமாரிக்குள் பூட்டி அழகுபடுத்துவது ஆபத்து. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேயே தேங்கும். மேடைக்கடியில்தான் வைக்கிறீர்கள் என்றால் கதவின் அடியிலும் மேலேயும் காற்றுவழி இருக்க வேண்டும், ரெகுலேட்டரை எட்டி அணைக்கக் கைக்கு இடம் இருக்க வேண்டும். ரப்பர் டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளக் கூடாது, சுவருக்குள் ஒளித்துக் கொண்டுபோகக் கூடாது. சிலிண்டரை வெளியே வைத்து காப்பர் பைப்பில் உள்ளே கொண்டுவர விரும்பினால் உங்கள் கேஸ் ஏஜென்சி மூலமாகவே செய்யுங்கள், பிளம்பர் கையில் கொடுக்காதீர்கள்.

பிளைவுட்டா பிவிசியா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வேறு ஒன்று சொல்கிறேன்: உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற கடப்பா கல்லை விடாதீர்கள். மேடைக்கடியில் நிற்கிற தடுப்புக் கற்களும் நடுத்தட்டுக் கற்களும் கரையானுக்கும் தண்ணீருக்கும் அசையாதவை. மேடையின் இடமும் உயரமும் மாறினாலும், அதே கற்களை எடுத்து மறுபடி நட்டு, முன்னால் கதவு மட்டும் போட்டால் மரச்செலவு பாதிக்குப் பக்கமாகக் குறையும். இழுப்பறை எல்லா இடத்திலும் தேவையில்லை, அடுப்புக்குப் பக்கத்தில் கரண்டி, மசாலா டப்பா, குக்கர் வைக்க ஒரு வரிசை போதும். கல் ஒரே மட்டமாக இருக்காது, இழுப்பறை ஓடும் சேனல் நேராக உட்காராது, அதனால் அந்த ஒரு பகுதிக்கு மட்டும் பிளைவுட் பெட்டி செய்து உள்ளே நுழைக்கச் சொல்லுங்கள். கதவுக்கு ஐஎஸ் 710 (தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரை உள்ள 18 அல்லது 19 எம்எம் பிளைவுட், சிங்க்குக்குக் கீழே மட்டும் பிவிசி அல்லது டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை). பிவிசி தண்ணீருக்கு நல்லது, ஆனால் நீளமான தட்டாகப் போட்டால் கனத்துக்குத் தொய்யும், மட்டமான தரம் என்றால் கீல் திருகு கழன்றுகொண்டே இருக்கும். முத்திரையை மட்டும் நம்பாமல், வாங்கும் முன் கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வீட்டில் சில மணி நேரம் கொதிக்க வையுங்கள். ஐஎஸ் 710 பிளைவுட் 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்க வேண்டும் என்பது விதி, உங்கள் துண்டு ஒரு மாலைப் பொழுதிலேயே அடுக்கு பிரிந்தால் அந்தக் கடையே வேண்டாம். கதவுகளின் ஓரத்தைக் கையால் ஒட்டாமல், மெஷினில் எட்ஜ் பேண்டிங் (ஓரத்தில் பட்டை ஒட்டி மூடுவது) செய்கிற இடத்தில் கொடுத்து வாங்குங்கள், ஈரம் ஏறுவது அந்த ஓரம் வழியாகத்தான்.

மேடைக்குக் கறுப்பு கிரானைட் போதும், மஞ்சளும் சூட்டுப் பாத்திரமும் புழங்குகிற நம் சமையலுக்கு வெள்ளைக் குவார்ட்ஸ் கவலைதான். மங்கலான கல்லுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி விற்பதும் உண்டு, வெள்ளைத் துணியில் அசிட்டோன் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள், துணி கறுத்தால் வேண்டாம். சிங்க் ஓட்டை, முன்விளிம்பு மோல்டிங் இதற்கெல்லாம் தனிக்கூலி என்று கடைசியில் சொல்வார்கள், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சுவர் டைல்ஸைத் தேவைக்கு மேல் ஒரு பத்து சதவீதம் சேர்த்து, எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆட்களைப் பொறுத்தவரை, உடைப்பு, கொத்து வேலை, டைல்ஸ் மூன்றையும் ஒரே மேஸ்திரியிடம் கொடுங்கள், ஒருவர் செய்ததை இன்னொருவர் குறை சொல்லும் சண்டையில் நீங்கள் மாட்ட மாட்டீர்கள். பிளம்பர், எலெக்ட்ரீஷியன், கார்பெண்டர் தனித்தனி. தினக்கூலி வேண்டாம், நீங்கள் முழுநேரம் நின்று பார்க்க முடியாதபோது வேலைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். ஒரு பக்கத்தில் எழுதினால் போதும்: என்னென்ன வேலை, சாமான் யார் வாங்குவது, ரப்பிஷ் யார் செலவில் போகும், எந்தக் கட்டம் முடிந்தால் எவ்வளவு பணம். ஆரம்ப அட்வான்ஸ் 20 சதவீதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். காலையில் டீயோடு பத்து நிமிடம் அன்றைய வேலையைப் பேசுவதும் மாலையில் பத்து நிமிடம் அளந்து பார்ப்பதும் தினமும் இருக்கட்டும். தப்பு தெரிந்தால் அன்றைக்கே, மரியாதையாக, உறுதியாகச் சொல்லுங்கள்.

மே மாதத்துக்குள் எல்லாம் முடியாது, அப்படி யாராவது வாக்கு கொடுத்தாலும் நம்ப வேண்டாம். கார்பெண்டர் கிரானைட்டும் டைல்ஸும் முடிந்த பிறகுதான் இறுதி அளவு எடுக்க வேண்டும், முன்னாலேயே எடுத்தால் அரை அங்குல இடைவெளிகளை அடைக்கப் பட்டி ஒட்டிக்கொண்டிருப்பார். அளவு கொடுத்ததிலிருந்து மூன்று, நான்கு வாரம் அவருக்கு ஆகும். நல்லவேளையாக அது அவருடைய பட்டறையில் நடக்கிற வேலை. ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் பணி முடிகிறபோதே வரைபடம், சிங்க், அடுப்பு, சிம்னி மாடல், டைல்ஸ், ஆட்கள் எல்லாம் முடிவாகியிருக்கட்டும். மே முதல் வாரத்தில் உடைப்பு, உடனே பிளம்பிங், ஒயரிங், சோதனை, பூச்சு. பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர் விடுவதில் அவசரம் கூடாது, திருச்சி வெயிலில் காலை மாலை இரண்டு வேளையும் நனைக்க வேண்டும். பிறகு மேடை, கிரானைட், டைல்ஸ், மொசைக் பாலிஷ், ஒரு கோட் பெயிண்ட். ஜூனில் பள்ளி திறந்த பிறகு கதவுகள் வந்து மாட்டுகிற வேலையும் கடைசி கோட் பெயிண்டும் மட்டும் சனி, ஞாயிறில் நடக்கும், அப்போது உங்கள் கணவரும் இருப்பார்.

4 லட்சத்தில் 50,000 ரூபாயை இல்லாத பணமாகவே ஒதுக்கி வையுங்கள், பழைய வீட்டுச் சுவரைத் திறந்தால் ஏதாவது ஒன்று காத்திருக்கும். மீதியில் உடைப்பு, கொத்து வேலை, பிளம்பிங், மின்சாரம் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம், கிரானைட், டைல்ஸ், பாலிஷ், பெயிண்டுக்கு 80,000, கதவு, இழுப்பறை, மேல் அலமாரிக்கு ஒரு லட்சத்து 30 ஆயிரம், சிங்க், குழாய், சிம்னிக்கு 40,000 என்று வைத்துக்கொண்டு விலை விசாரிக்க ஆரம்பியுங்கள். கையை மீறினால் மேல் அலமாரியைத் தள்ளிப்போடுங்கள். முதல் ஒரு லட்சத்தில் மட்டும் குறைக்காதீர்கள்.

உடைக்கும் முன் பின்பக்கத்தில் காற்றோட்டமான இடத்தில் ஒரு மேஜை, அடுப்பு, தண்ணீர்க் குழாய், ஒரு பிளக் பாயின்ட் என்று தற்காலிகச் சமையலறையைத் தயார் செய்து, இரண்டு நாள் அங்கே சமைத்துப் பார்த்துவிடுங்கள். சமையலறை வாசலை தார்ப்பாய் கட்டி மூடுங்கள். மாமியாருக்கு மூச்சுத்திணறல் ஏதும் இருந்தால் உடைப்பு நடக்கும் நாட்களில் உறவினர் வீட்டில் இருக்கட்டும், அந்தத் தூசி வயதானவர்களுக்கு ஆகாது.

இந்த வாரக் கடைசியில் கணவர் வந்ததும் இரண்டு வேலை: அந்த வால்வை மூடிச் சோதிப்பது, நடுச்சுவரின் கனத்தை அளப்பது. 9 அங்குலம் என்றால் முதலில் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள், மேஸ்திரியை அப்புறம். வேலை முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் பத்து சதவீதத்தை நிறுத்திவைத்து, ஒரு வாரம் முழுச் சமையல் செய்து, சிங்க்குக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வைத்து, அது நனையவில்லை என்று பார்த்த பிறகு அந்தப் பணத்தைக் கொடுங்கள்.